கடைசிப் பெஞ்சு காலியாக இருக்கிறது

இரவெல்லாம் பெய்த மழை முற்றிலும் ஓயாமல் தூறிக்கொண்டிருந்த கார்த்திகை மாதத்து முற்பகல் ஒன்றில், தென்பெண்ணைக் கரையை அடுத்த சிற்றூரின் அரசினர் உயர்நிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு நான் அமர்ந்திருந்தேன். கல்லூரிச் சீருடைச் சேலையும், கையில் சுருட்டிய சார்ட்டுமாக உள்ளே வந்த பயிற்சி ஆசிரியைக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்கு மேல் இராது. பாடம், மருத்துவர் பயன்படுத்தும் வெப்பநிலைமானி. சார்ட்டை ஆணியில் மாட்டி, மேல் மூலை சுருண்டு விழ, மறுபடியும் மாட்டி, 35 பாகை முதல் 42 பாகை வரை அளவு குறித்திருப்பதையும், பாதரசக் குமிழுக்குச் சற்று மேலே குழாய் குறுகியிருப்பதையும், அதனால் பாதரசம் தானாகவே கீழே இறங்கிவிடாமல் நிற்பதையும் நல்ல தமிழில், தடுமாற்றம் இல்லாமல் விளக்கினார். பிறகு, "இதை உதறிட்டுத்தான் வாயில வைக்கணும், ஏன்?" என்று கேட்டார், கேட்ட மூச்சிலேயே விடையையும் தாமே சொல்லிவிட்டுக் கரும்பலகையின் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினார். அப்போது ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒரு சிறுமி, "எங்க ஆயா வீட்டுல இருக்கறதுல பாதரசமே இல்ல மிஸ், நம்பர்தான் வரும்" என்றாள். அவள் சொன்னது எனக்குக் கேட்டது. சுண்ணக்கட்டியின் கீச்சொலியில் ஆசிரியைக்குக் கேட்கவில்லை. அன்றைய பாடத்தில் ஒரு குழந்தையின் வீட்டிலிருந்து புறப்பட்டு வகுப்பறைக்கு வந்த ஒரே வாக்கியம் அது. யாரும் எடுத்துக்கொள்ளாமல் அது ஜன்னல் வழியே மழைக்குள் போய்விட்டது.

மணி அடித்ததும் அந்த ஆசிரியை என்னிடம் வந்து, "எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்டார். அபிப்பிராயம் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை என்று தயங்கினேன். "பன்னிரண்டு வாரமா இங்க இருக்கேன் சார். ஒரு கிளாஸை முழுசா உட்கார்ந்து பார்த்தது நீங்கதான் முதல் ஆள்" என்றார். அந்தக் குரலில் புகார் இல்லை. உலக வழக்கம் இதுதான் போலும் என்று ஏற்றுக்கொண்டுவிட்ட தொனியே இருந்தது. அதுதான் என் மனத்தை உறுத்தியது. அந்தப் பெஞ்சில் அமர வேண்டியவர் நானல்லவே! வழிகாட்டி ஆசிரியராக நியமிக்கப்பட்டிருந்த அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர், நல்லவர்தாம், சிரத்தையுள்ளவர்தாம். ஆனால் அவர் அப்போது இரண்டு வகுப்புக்களை ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு பக்கத்து அறையில் இருந்தார். அதற்கு முந்தின வாரமெல்லாம் மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலையில் இருந்தாராம்.

ஆசிரியராக ஒருவர் தகுதி பெறுவது எவ்வாறு என்பதைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று இதழின் ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, தகுதித் தேர்வைப் பற்றித்தான் அவர்கள் முக்கியமாக நினைத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், பணியில் இருப்போர், பணிக்குக் காத்திருப்போர் என்ற பேதமின்றி அனைவர் வாயிலும் அந்தத் தேர்வின் பெயரே அடிபடுகிறது. அது வாசகர்கள் அறிந்த விஷயம். அதை இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை. 150 வினாக்கள், 150 மதிப்பெண்கள், ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குறிக்க வேண்டும் என்ற அந்த அமைப்பில், பாடப்பொருளை ஒருவர் அறிவாரா, குழந்தை உளவியலின் பெயர்களும் கொள்கைகளும் அவர் நினைவில் உள்ளனவா என்று சோதிக்க முடியும். நாற்பது ஜோடிக் கண்களின் முன்னால் நின்றால் அவருக்கு நா எழுமா, ஜன்னல் ஓரத்துச் சிறுமியின் குரல் அவர் காதில் விழுமா என்பதை எந்தக் கணினியும் அந்த விடைத்தாளிலிருந்து அறிந்து சொல்லிவிட முடியாது. அதை அறிவதற்கென்றே ஏற்பட்ட கட்டம் ஒன்று உண்டு. பழைய பெயரில் கற்பித்தல் பயிற்சி, பயிற்சிக்காரர்கள் வாயில் 'டீச்சிங் பிராக்டிஸ்', புதிய நெறிமுறைகளின் பாஷையில் பள்ளி உள்ளுறைப் பயிற்சி. என் கவலை முழுவதும் அதைப் பற்றியது.

சட்டத்தில் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட்., 2014ஆம் ஆண்டின் நெறிமுறைகளால் ஈராண்டுப் படிப்பாயிற்று. பழைய நாற்பது நாள் பயிற்சிக்குப் பதிலாக, முதலாண்டில் நான்கு வாரமும் இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரமுமாக, இருபது வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கல்லூரி வகுப்புக்களுக்கு 80 சதவீத வருகை போதும். பள்ளிப் பயிற்சிக்கு மட்டும் 90 சதவீதம் வேண்டும். பயிற்சிதான் பிரதானம் என்று விதி செய்தவர்கள் உணர்ந்தே இருந்தார்கள் என்பதற்கு இந்தப் பத்து சதவீத வித்தியாசமே சான்று. இருபது வாரம் என்பது அற்ப காலமும் அன்று. ஒரு பாடத்தைத் தொடங்கி, நடத்தி, தேர்வு வைத்து, திருத்தி, தன் பிழையைத் தானே கண்டு, இன்னொரு முறை நடத்திப் பார்க்க அது தாராளமாகப் போதும். ஆனால் வருகைப் பதிவேடு, வந்தாரா என்று கேட்கும்; நின்று பேசினாரா என்றும் கேட்கலாம்; யார் பார்த்தார்கள் என்று அது கேட்பதில்லை.

பார்ப்பவர் இருந்தால் என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், நாற்பது நாள் பயிற்சிக்காக நான் ஓர் ஆண்கள் பள்ளிக்கு அனுப்பப்பட்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஆகுபெயர் நடத்த வேண்டும். மூன்று இரவு கண்விழித்துப் பாடக்குறிப்பு எழுதி, உதாரணங்களைச் சேகரித்து, 'ஊர் சிரித்தது' என்பதில் ஊர் என்பது ஊரில் உள்ளவர்களைக் குறிப்பது எப்படி என்பதை ஒரு நாடகம் போலவே நடத்திக் காட்டினேன். பையன்கள் சிரித்தார்கள், நான் பூரித்துப் போனேன். கடைசிப் பெஞ்சில் எங்கள் கல்லூரியிலிருந்து வந்த வயதான பேராசிரியர் ஒருவர், மடியில் ஒரு நீலநிற நோட்டுடன், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் அமர்ந்திருந்தார். பாடம் முடிந்ததும் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துக்கொண்டு போய், அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நாற்பது நிமிஷத்திலே முப்பத்துமூணு நிமிஷம் நீயே பேசியிருக்கே. பதினோரு கேள்வி கேட்டே. அதிலே ஏழுக்கு நீயே பதிலும் சொல்லிட்டே. மூணாவது பெஞ்சிலே, சுவர் ஓரமா இருந்த பையன் ரெண்டு தடவை கை தூக்கினான். நீ பார்க்கவே இல்லை." அவ்வளவுதான். நன்றாக இருந்தது என்றோ, நன்றாக இல்லை என்றோ ஒரு சொல் இல்லை.

மறுநாள் அந்தப் பையனைத் தேடிப் போய், நேற்று என்னப்பா கேட்க நினைத்தாய் என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "மறந்துட்டேன் சார்" என்றான்.

அந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. பிறகு பல ஆண்டுகள் வகுப்பெடுத்தேன். எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் முதலில் என் கண் மூன்றாம் பெஞ்சுச் சுவர் ஓரத்துக்குத்தான் போகும். எந்தப் புத்தகமும் கற்பிக்காத அந்தப் பழக்கத்தை எனக்குக் கற்பித்தது, ஒரு கிழவர் நாற்பது நிமிஷம் வாய் திறவாமல் அமர்ந்து என்னைப் பார்த்ததுதான். இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. அதே பயிற்சியில் வேறொரு மேற்பார்வையாளர், கடைசி நாளன்று வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, எங்கள் பத்துப் பேருடைய பாடக்குறிப்புக்களிலும் வரிசையாகக் கையெழுத்திட்டார். அவற்றுள் ஒரு பாடத்தையும் அவர் கண்டதில்லை. எங்களுக்கு அன்று அது பெரிய உபகாரமாகவே தோன்றிற்று. நன்றி சொல்லி, இளநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். அந்த இளநீரின் விலை எவ்வளவு என்பது இன்றுதான் தெரிகிறது.

மாணவன் ஒருவன் மாணவர்களுக்குக் கற்பித்துக் கற்றுக்கொள்ளும் இந்த முறை நமக்கு மேனாட்டிலிருந்து வந்தது என்று எண்ணுவோர் உண்டு. உண்மை அதற்கு மாறானது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். முன்னேறிய மாணவனாகிய அவன், மணலில் விரல் வைத்து எழுதும் சிறுவர்களுக்கு அட்சராப்பியாசம் செய்துவைப்பான், பாடம் ஒப்பிக்கச் செய்வான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் சிறுவர் அநாதை விடுதி ஒன்றின் மேற்பார்வையை ஏற்றிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் புகுத்த முயன்றார். ஊதியம் பெற்ற உபாத்தியாயர்கள் ஒத்துழைக்காமற்போகவே, எட்டு வயதுப் பையன் ஒருவனையே சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஏற்படுத்தினார், அது வெற்றியாயிற்று. 1797இல் லண்டனில் அவர் அதைப் பற்றி எழுதி வெளியிட்ட சிறு நூலிலிருந்து 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. பின்னர் 1846இல் அந்த நாட்டில், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை ஐந்தாண்டுக் காலம் பள்ளியிலேயே பயிற்றி ஆசிரியராக்கும் ஏற்பாடு பிறந்தபோது, அவர்களுக்குத் தலைமை ஆசிரியர் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தாமே பாடம் சொல்லியாக வேண்டும் என்றும், ஆண்டுதோறும் ஆய்வாளர் வந்து அவர்களைச் சோதித்தாக வேண்டும் என்றும் நிபந்தனை செய்தார்கள். எழும்பூரிலிருந்து போனது இந்த இடத்தில் பக்குவமடைந்தது என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் நம் திண்ணையிலும் சட்டாம்பிள்ளை தனியே விடப்பட்டவன் அல்லன். திண்ணையின் ஒரு கோடியில் உபாத்தியாயர் சாய்ந்து அமர்ந்திருப்பார். கண் மூடியிருந்தாலும் காது திறந்திருக்கும். சட்டாம்பிள்ளை ஓர் எழுத்தைத் தவறாக உச்சரித்தால் அங்கிருந்தே ஒரு கனைப்பு வரும். அந்தக் கனைப்புத்தான் ஆசிரியப் பயிற்சி.

சென்னையில் 1856இல் நார்மல் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் சைதாப்பேட்டைக்குப் போன ஆசிரியர் கல்லூரியை எடுத்துக்கொள்ளலாம். எவருடைய பிறந்த நாளை நாம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்த ராதாகிருஷ்ணன் அவர்களும் கல்லூரியில் தத்துவம் போதிக்கத் தொடங்கிய பின்னரும் எல்.டி. பயிற்சிக்காக அங்கே போய் மாணவராக அமர்ந்தவரே. அந்தக் கல்லூரிக்கென்று ஒரு மாதிரிப் பள்ளி அருகிலேயே இருந்தது. மருத்துவக் கல்லூரி ஒன்றை, நோயாளியோ படுக்கையோ இல்லாமல் யாரும் கற்பனை செய்ய மாட்டோம். பெரிய மருத்துவர் முன்னே நடக்க, படிக்கும் பிள்ளைகள் பின்னே நடக்க, ஒவ்வொரு படுக்கையருகிலும் நின்று, "நீ சொல், இவருக்கு என்ன?" என்று கேட்கும் அந்த நடையில்தான் வைத்தியக் கல்வியின் மர்மம் இருக்கிறது. ஆசிரியக் கல்லூரிக்குப் பள்ளிதான் ஆஸ்பத்திரி. பின்லாந்தில் இன்றும் பல்கலைக்கழகங்கள் தத்தமக்கென்று பயிற்சிப் பள்ளிகளை வைத்து நடத்துகின்றன; அங்கே இருக்கும் ஆசிரியர்களுக்குக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது ஒரு கடமை, கற்பிக்கப் பழகுவோரைப் பார்த்துத் திருத்துவது மற்றொரு கடமை. இந்த இரண்டாவது கடமைக்கு நம் பள்ளிகளில் கால அட்டவணையில் ஒரு பீரியட்கூட ஒதுக்கப்படுவதில்லை. வழிகாட்டி ஆசிரியர் என்ற பட்டம் கிடைக்கிறது. அந்தப் பட்டத்தோடு நேரம் கிடைப்பதில்லை. பயிற்சியாளர் ஒருவர் வகுப்புக்குள் வந்துவிட்டாலே, அந்த நாற்பது நிமிஷத்தில் தேங்கிப்போன தம் வேறு வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று அந்த ஆசிரியர் எழுந்து போவதை, இருக்கும் சுமையைப் பார்த்தால், குற்றம் என்று எப்படிச் சொல்வது?

பார்ப்பவர் இல்லாத இடத்தைக் காகிதம் வந்து நிரப்பிவிட்டது. பாடக்குறிப்பு ரெக்கார்டு, நுண்ணிலைக் கற்பித்தல் ரெக்கார்டு, உற்றுநோக்கல் ரெக்கார்டு, உளவியல் செய்முறை ரெக்கார்டு, தேர்வும் அளவிடுதலும் பற்றிய ரெக்கார்டு, தனியாள் ஆய்வு, செயலாராய்ச்சி, ஆல்பம் என்று ஒரு பயிற்சியாளர் சுமக்கும் அட்டை போட்ட புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், தென்பெண்ணைக் கரைப் பள்ளியின் ஏழாம் வகுப்புச் சிறுமியின் இடுப்புயரம் வரும். செய்முறைத் தேர்வின்போது வெளியிலிருந்து வருபவர் இந்த அடுக்கைப் பார்த்து, கோடுகள் நேராக இருக்கின்றனவா, வர்ணம் நன்றாகப் பூசியிருக்கிறதா என்று கண்டு மதிப்பெண் இடுகிறார். காசு வாங்கிக்கொண்டு ரெக்கார்டு எழுதிக் கொடுப்பவர்களும், சார்ட் வரைந்து கொடுப்பவர்களும் கல்லூரி உள்ள ஊர்களில் இருப்பது அனைவரும் அறிந்தது. எழுதும் அப்பியாசம் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. மறுநாள் எடுக்கப்போகும் பாடத்தை முந்தின இரவு காகிதத்தில் ஒரு முறை நடத்திப் பார்ப்பது எவ்வளவு நல்லது என்பதை ஆகுபெயர் எனக்குக் கற்பித்திருக்கிறது. ஆனால் உற்றுநோக்கல் ரெக்கார்டு என்பது, பயிற்சியாளர் பிறருடைய வகுப்பைப் பார்த்து எழுதுவது. அவரைப் பார்த்து எழுதிய ரெக்கார்டு எங்கே?

நுண்ணிலைக் கற்பித்தல் என்ற ஒன்றில் மட்டும், பார்ப்பவர் வேண்டும் என்ற உண்மை இன்னும் உயிரோடு இருக்கிறது. 1963ஐ ஒட்டி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய அந்த முறையை நம் நாட்டில் முப்பத்தாறு நிமிஷச் சுற்றாக அமைத்தார்கள்: ஆறு நிமிஷம் கற்பித்தல், ஆறு நிமிஷம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிஷம் பாடத்தைத் திருத்தி அமைத்தல், ஆறு நிமிஷம் மீண்டும் கற்பித்தல், ஆறு நிமிஷம் மீண்டும் பின்னூட்டம். வினாக் கேட்கும் திறன் ஒரு சுற்று, கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன் ஒரு சுற்று என்று தனித்தனியே பழக வேண்டும். கற்பிக்கும் நேரமும் பன்னிரண்டு நிமிஷம், பார்த்தவர் சொல்லக் கேட்கும் நேரமும் பன்னிரண்டு நிமிஷம் என்று சமமாக வகுத்திருக்கும் அந்தக் கணக்கை நான் எத்தனை முறை நினைத்தாலும் வியக்கிறேன். இதுவும் பெரும்பாலும் கல்லூரி அறைக்குள், சக பயிற்சியாளர்களே ஏழாம் வகுப்புக் குழந்தைகளாக நடிக்க, நடந்து முடிந்துவிடுகிறது. உண்மையான குழந்தைகள் முன்னால் நிற்கும் இருபது வாரத்தில் அந்த ஆறு நிமிஷம் ஒரு நாளும் வருவதில்லை.

பயிற்சியாளர்கள் வந்தால் பாடத்திட்டம் முடியாமல் பின்தங்கிவிடுகிறது, பொதுத் தேர்வு வகுப்புக்களை அவர்களிடம் நம்பிக் கொடுக்க முடியாது என்று தலைமை ஆசிரியர்கள் சிலர் சொல்லுகிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஈராண்டை மீண்டும் ஓராண்டாக்கலாமா, பட்டத்தோடு சேர்த்து நான்காண்டாக்கலாமா என்ற விவாதமும் நடந்துவருகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பே குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது. ஓராண்டோ, நான்காண்டோ, அந்த ஆண்டுகளில் எத்தனை பாடங்களுக்கு ஒரு மனிதர் வந்து கடைசிப் பெஞ்சில் உட்காருவார் என்று கேட்பவரை நான் அந்த விவாதத்தில் காணவில்லை. பத்துப் பாடம் போதும் என்பேன். இருபது வாரத்தில் பத்தே பாடங்களை, பாடம் தெரிந்த ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை அமர்ந்து பார்த்து, கண்டதைக் கண்டபடி அன்றைக்கே, தாழ்வாரத்தில் நின்று சொல்லட்டும். ரெக்கார்டுகளில் பாதியை ஆற்றில் விட்டாலும் குடி முழுகிப் போகாது.

இரண்டு வாரம் கழித்து அதே பள்ளிக்கு நான் மறுபடியும் போயிருந்தேன். மழை நின்றிருந்தது, மைதானத்தில் தேங்கிய நீரில் வானம் தெரிந்தது. அந்தப் பள்ளியில் பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். அறிவியல் பயிற்சி ஆசிரியையும், வரலாற்றுப் பாடத்துக்கு வந்திருந்த இன்னொரு பெண்ணும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள்: இவர் வகுப்புக்கு அவர் வந்து அமர்வது, அவர் வகுப்புக்கு இவர் போய் அமர்வது. நான் போனபோது கடைசிப் பெஞ்சில் வரலாற்றுப் பெண், நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு இடமில்லாமல் கதவோரத்தில் நின்றேன். மணி அடித்தது. இருவரும் வெளியே வந்தார்கள்.

"அக்கா, போர்டுல எழுதறப்ப முழுக்க மறைச்சுக்கிட்டு நிக்கறீங்க. வலது பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் எட்டி எட்டிப் பார்க்குது."

"எல்லாருமா?"

"எண்ணினேன் அக்கா. பதினாலு பேர்."

அடுத்த பீரியட் பக்கத்துப் பிரிவில். அறிவியல் ஆசிரியை உள்ளே போனார், சார்ட்டை மாட்டவில்லை. கையில் இருந்த சுண்ணக்கட்டியோடு கரும்பலகையின் அருகே குனிந்து, இடப்பக்க ஓரத்தில், சிமெண்டுத் தரையில் ஒரு கோடு கிழித்தார். பிள்ளைகள் என்னவோ ஏதோ என்று பெஞ்சைவிட்டு எழுந்து பார்த்தார்கள். அவர் அந்தக் கோட்டுக்கு அப்பால் போய் நின்றுகொண்டு, கையை நீட்டிப் பாடத்தின் தலைப்பை எழுதத் தொடங்கினார்.